வாய் திறந்தபடி கொடுத்த புகார்

பல் மருத்துவமனைகளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், பார்த்ததை எந்தத் தாளில் எழுத வேண்டும் என்று எங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு உண்டு. அதை எழுதியவன் நான். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு எழுதினேன். அரசு அலுவலகத்தில் எழுதப்படும் மற்றவற்றைப் போல இதையும் யாரும் படிக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை பொய்த்த நாளில், ஆரணியில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில், பல் மருத்துவரின் நாற்காலியில், தலை தாழ்ந்து கால் உயர்ந்து, வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தேன்.

அந்த மருத்துவரிடம் நான் சும்மா போய்ச் சேரவில்லை. முதல் முறை போனபோது, என் பல்லைக் காட்டுவதற்கு முன் அவருடைய குப்பைத் தொட்டிகளைப் பார்த்தேன். மஞ்சள் பையில் போக வேண்டியது மஞ்சளில் இருந்தது, சிவப்பில் போக வேண்டியது சிவப்பில் இருந்தது. ஊசியை எரிக்கும் கருவி ஒப்புக்கு வைத்ததாக இல்லாமல் கரிபிடித்து, உபயோகத்தில் இருந்தது. கருவிகளை நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவின் மேல் சாமி படமோ பூவோ இல்லை. அதன் பிறகே வாயைத் திறந்தேன். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, பெண் பார்க்கப் போனபோதாவது என் முகத்தைப் பார்த்தீர்களா அல்லது வீட்டுச் சாக்கடையைப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

மருத்துவர் சேவூர்ப் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பெண். முப்பதைத் தாண்டியிருப்பார். அதிகம் பேசமாட்டார், பேசினால் பல்லைப் பற்றித்தான் பேசுவார். இந்த ஊரில் முன்பல்லைப் பார்த்தே வீட்டில் என்ன வேலை என்று சொல்லிவிடலாம் என்பார். பட்டு நூலைச் சிறு வயதிலிருந்து கடித்து அறுக்கிறவர்களின் முன்பல் விளிம்பில் மெல்லிய பள்ளம் ஒன்று விழுந்திருக்கும். அவருடைய பல்லிலும் அது இருந்ததாம், படிக்கும் காலத்தில் அடைத்துக்கொண்டாராம்.

அடைத்துக்கொள்ளாதவர் அவருடைய உதவியாளர். அவரும் சேவூர்தான், நாற்பத்தைந்து வயது இருக்கும். மருத்துவரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார், எனவே எனக்கும் அவர் அக்காதான். இங்கே வேலைக்கு வருவதற்கு முன் வீடு வீடாகப் போய், தறியில் நெடுக்காக ஓடி முடியப்போகும் பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்துக் கொடுத்தவர். விரல் அசைவது கண்ணுக்குத் தெரியாது. நாக்கு அசைவது ஊருக்கே தெரியும். நான் படியேறுவதைப் பார்த்தால் போதும், "டாக்டரம்மா, குப்பத்தொட்டி பாக்கற சார் வந்துகினு இருக்காரு" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

அன்று கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்து, எச்சில் உள்ளே போகாமல் இருக்க ஒரு ரப்பர் திரையை வாய்மேல் விரித்து, அதைப் பல்லோடு ஒரு கொக்கியால் பிடித்து வைத்திருந்தார் மருத்துவர். திரைக்கு வெளியே தெரிந்தது அந்த ஒரு பல்லும், அதற்கு மேலே என் மூக்கும் கண்களும் மட்டுமே. பேச்சு என்ற வசதி அத்தோடு நின்றுபோனது.

அப்போது தெருவில் விசைத்தறிகள் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டரில் விளக்கும் எச்சில் உறிஞ்சும் குழாயும் ஓடின. நாற்காலியின் மோட்டார் அதில் சேர்க்கப்படவில்லை. நாற்காலி தலை தாழ்ந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டது. அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடும் சார் என்றார் மருத்துவர். ஆரணியின் ஐந்து நிமிடத்தை நான் அறிவேன்.

அந்த நேரத்தில்தான் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அங்கே வரும் நோயாளிகள் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவார்கள். காலணியோடு மாடி ஏறுவது அரசாங்கம் ஒன்றுதான்.

வந்தவர்கள் இருவர். ஒருவர் ஆய்வு அதிகாரி, புதிதாக மாவட்டத்துக்கு வந்திருந்த இளம் பெண் மருத்துவர். இன்னொருவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்த எழுத்தர். அவர் என்னிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். எனக்கு அவரைத் தெரிந்தது. ரப்பருக்கு மேலே இருந்த மூக்கை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கோ ஓர் ஊரில் ஏதோ ஒரு தவறு நடந்தது என்று செய்தி வந்தால், மற்ற ஊர்களில் எல்லாம் பரிசோதனை நடக்கும். தவறு நடந்த ஊருக்கு மட்டும் போகமாட்டார்கள், அங்கே ஏற்கெனவே பூட்டியிருக்கும்.

அதிகாரி முறையாக நடந்துகொண்டார். அடையாள அட்டையைக் காட்டினார். சிகிச்சையை நிறுத்த வேண்டாம், நீங்கள் பாருங்கள், நாங்கள் சுற்றிப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். குறிப்பின் தொடக்கத்தில் நான் எழுதிய வாக்கியத்தை ஏறக்குறைய அப்படியே சொன்னார். சந்தோஷப்பட்டிருக்கலாம். முடியவில்லை. அந்த வரியைப் படித்தவர் மற்ற வரிகளையும் படித்திருப்பார்.

என் தலைமாட்டில் பரிசோதனை நடந்தது. நான் பார்த்தது உத்திரத்தை. கேட்டது அலமாரிக் கதவுகளை. சத்தத்தை வைத்தே அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இதோ மருந்துகளின் காலாவதித் தேதி. இதோ கருவிப் பைகளின் நிறம், நீராவியில் வெந்ததற்கு அடையாளமாக, மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார். இனி தண்ணீர்ப் புட்டி, அதற்கடுத்து தீயணைப்பான். கேள்விகளை நான் மனதில் கேட்டு முடிப்பதற்குள் அவர் வாயால் கேட்டார். மருத்துவர் என் பல்லிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை என் தாடையை வழக்கத்தைவிட இறுக்கிப் பிடித்திருந்தது.

தீயணைப்பான் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. ரப்பர் திரையின் ஓரத்தில் எச்சில் கசிந்தது. அந்த இடத்தில் நூலால் ஒரு கட்டுப் போட வேண்டும், மெழுகு நூல் கொடுங்கள் அக்கா என்றார் மருத்துவர். அது பல்லிடுக்கில் விடும் நூல். சின்ன டப்பாவில் வரும். மூடியிலேயே ஒரு தகடு இருக்கிறது, அதில் வைத்து இழுத்தால் அறும். அக்கா தினமும் அப்படித்தான் அறுப்பார், நானே பார்த்திருக்கிறேன். அன்று அதிகாரி பின்னால் நிற்கிறார் என்ற பயம். பயத்தில் கை தன் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. நூலை ஒரு முழம் இழுத்தார், முகக்கவசத்தைக் கீழே தள்ளினார், முன்பல்லில் வைத்துக் கடித்து அறுத்தார், மருத்துவரிடம் நீட்டினார். பாவு பிணைக்கும்போது செய்வதைப் போலவே கடித்த முனையை நாக்கில் தொட்டு ஒரு முறுக்கும் முறுக்கினார்.

மருத்துவர் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி. அவருக்கு என் பல்லைத் தவிர வேறெதுவும் தெரியாது. நூலை வாங்கி என் வாயில் கட்டினார்.

நான் பார்த்தேன். அதிகாரியும் பார்த்துவிட்டார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"நூலு அறுத்தேன் மேடம்" என்றார் அக்கா. என்ன தப்பு என்று அவருக்கு அப்போதும் புரியவில்லை.

"எதால அறுத்தீங்க?"

அக்காவின் கை தானாகத் தன் வாய்க்குப் போனது. அங்கேயே நின்றது. மருத்துவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முதலில் அக்காவைப் பார்த்தார், பிறகு என் பல்லில் கட்டியிருந்த நூலைப் பார்த்தார். அதை அவிழ்க்க விரல் வரவில்லை.

அதிகாரி சத்தம் போடவில்லை. இதற்காகத்தான் வந்தோம் என்றார். ஒருவர் வாயில் இருப்பது இன்னொருவர் வேருக்குள் போகிறது, வேர் திறந்திருக்கிறது, இதைவிட ஆபத்து எது என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. எழுத்தரிடம் திரும்பி, உடனடி மூடலுக்கான தாளை எடுக்கச் சொன்னார்.

எழுத்தர் பையைத் துழாவினார். அவர் துழாவிய நேரத்தில், அந்தத் தாள் என்ன செய்யும் என்பதை எல்லாரையும்விட நான் நன்றாக அறிந்திருந்தேன். அதிகாரி தன் கண்ணால் உடனடி ஆபத்தைக் கண்டால், அங்கேயே பூட்டி முத்திரை வைத்துச் சாவியை மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துப் போகலாம். பூட்டுவதற்கு ஒரு கையெழுத்து. திறப்பதற்கு எத்தனை என்று எனக்கே சரியாகத் தெரியாது, பல மேசைகள். அந்தச் சாவி ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அலுவலக இழுப்பறையில் கழிக்கும். இங்கே அதற்குள் முள்ளிப்பட்டிலிருந்து வந்தவாசி வரைக்கும் பேருந்தில் பேச்சு போய்விடும், எச்சில் நூலால் பல்லைக் கட்டின ஆஸ்பத்திரி என்று. அதற்குப் பிறகு கதவு திறந்திருந்தாலும் ஒன்றுதான், மூடியிருந்தாலும் ஒன்றுதான்.

ஆனால் இன்னொரு வழி இருந்தது. அதே சம்பவத்தை நோயாளி எழுத்தில் புகாராகக் கொடுத்துவிட்டால், அது புகார்க் கோப்பு ஆகிவிடும். புகார் என்றால் ரசீது, விளக்கம் கேட்டு அறிவிப்பு, விசாரணை, திருத்திக்கொள்ள அவகாசம், மறு ஆய்வு. அதுவரை பூட்டு கிடையாது. ஒரே சம்பவத்துக்கு இரண்டு கோப்புகள் திறக்கக் கூடாது, எது முதலில் பதிவாகிறதோ அதுவே நிற்கும் என்று குறிப்பில் எழுதியிருந்தேன். பெரிய நீதி உணர்வால் எழுதியதல்ல. அன்று என் மேசையில் கோப்பு வைக்க இடமில்லை.

ஆக, அந்த மருத்துவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நான் அவர் மேல் புகார் கொடுக்க வேண்டும். உடனே கொடுக்க வேண்டும். வாய் ரப்பருக்குக் கீழே இருந்தது. எழுந்து உட்கார நாற்காலி விடவில்லை. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் எழுப்பினேன். வலிக்குதா சார் என்றார் மருத்துவர். அந்த நிலையிலும் அதைத்தான் கேட்டார்.

வலது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் இரண்டு முறை அசைத்தேன். அலுவலகத்தில் நான் பேனா கேட்கும் விதம் அது. வாயால் கேட்டதே இல்லை. பையைத் துழாவிக்கொண்டிருந்த எழுத்தரின் தலை நிமிர்ந்தது. நாற்காலிக்கு அருகே வந்து குனிந்து பார்த்தார்.

"சார், நீங்களா" என்றார். பழக்கம் விடவில்லை, உடம்பு நேரானது.

பேனா வந்தது. தாளைத் தலைக்கு மேல் பிடித்து எழுதப் பார்த்தேன். பால்பாயிண்ட் பேனா மேல்நோக்கி எழுதாது என்பது எந்த நடைமுறைக் குறிப்பிலும் இல்லாத செய்தி. எழுத்தர் அட்டையை என் வயிற்றின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். எழுதுவது தெரியாமலே எழுதினேன். எனக்கு நடந்த சிகிச்சையில் பயன்படுத்திய நூலை உதவியாளர் பல்லால் கடித்து அறுத்தார், இது குறித்து விசாரித்து நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன். தேதி, நேரம், கையெழுத்து. வரிகள் மலையேறுவதைப் போலப் போயிருந்தன. பிறகு இடது உள்ளங்கையில் வலது முட்டியால் ஒரு குத்து. ரசீது முத்திரை. எழுத்தருக்கு அதுவும் புரிந்தது. பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, நேரத்தைக் குறித்துச் சுருக்கொப்பம் இட்டார்.

அவருக்குப் புரிந்தது. மருத்துவருக்கும் அக்காவுக்கும் என்ன புரிந்தது என்பதை அவர்கள் முகத்தில் பார்த்தேன். மருத்துவர் தாளைப் படித்தார். குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கினார், நெடுநேரம் கழுவினார். அக்காதான் பேசினார்.

"தெரியாம பண்ணிட்டேன் சார். ஒரு கை காட்டியிருந்தா வேற நூலு குடுத்திருக்க மாட்டனா? எழுதியா குடுப்பாங்க?"

என்னால் அவரைப் பார்க்க மட்டுமே முடிந்தது. பதில் என் தொண்டை வரை வந்து ரப்பரில் முட்டி நின்றது.

வெளியே காத்திருப்பு நாற்காலிகளுக்குப் பக்கத்தில் எழுத்தர் அதிகாரியிடம் தாழ்ந்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். புகார் பதிவாகிவிட்டதால் மூடல் தாளைப் போட முடியாது, குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது என்றார். யார் எழுதிய குறிப்பு அது என்று அதிகாரி எரிச்சலோடு கேட்டது எனக்குக் கேட்டது. எழுத்தர் நாற்காலிப் பக்கம் கை காட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்த அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் பதில் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. கட்டியிருந்ததை எல்லாம் அகற்றி, பல்லைக் கழுவி, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு இந்த நோயாளியை முடித்து அனுப்பலாம் என்றார். அறிவிப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மருத்துவர் அதைப் பிரிக்கவில்லை. அதில் பூட்டு இல்லை என்பது அவருக்குத் தெரியாது. காகிதம் வந்தது மட்டும் தெரியும்.

கழுவியது நீண்ட வேலை. அக்கா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மருத்துவர் ஒற்றை ஆளாய் எல்லாவற்றையும் எடுத்துப் புதிதாகப் போட்டார். என்மேல் அவருக்கிருந்த கோபம் என் பல்லில் துளியும் படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. குத்தியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். தற்காலிகமாக அடைத்து, திரையை எடுத்து, நாற்காலி எழும்பாததால் என்னைப் பக்கவாட்டில் உருட்டி இறக்கினார்.

இப்போது பேசலாம். பேசினேன். பாதி நாக்கும் கீழ் உதடும் இன்னும் மரத்திருந்தன. உடனடி மூடல், புகார்க் கோப்பு, எது முதலில் பதிவாகிறதோ அதுவே நிற்கும் என்று நான் விளக்கியது எனக்கே விளங்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. மருத்துவர் ஒரு பஞ்சை நீட்டி, இரண்டு மணி நேரம் எதையும் கடிக்காதீர்கள் என்றார். எல்லா நோயாளிகளுக்கும் சொல்கிற குரலில் சொன்னார்.

மறுநாள் நாக்கு திரும்பிய பிறகு தொலைபேசியில் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"புரியுது சார். ஆனா எழுதினது நீங்கதானே."

இதற்கு எந்த விதியிலும் பதில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. விசாரணைக்குப் புகார்தாரர் நேரில் வர வேண்டும் என்பதும் என்னுடைய வரிதான். வராமல் போனாலோ, புகாரைத் திரும்பப் பெற்றாலோ, புகார்க் கோப்பு மூடப்படும். அது மூடினால், அதிகாரி தன் கண்ணால் கண்டது என்று அதே சம்பவத்தை மறுபடி எடுக்கலாம். பூட்டு வந்துவிடும். அதனால் நான் போயே ஆக வேண்டும். போய், அந்தப் பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு, ஆமாம், புகாரை வலியுறுத்துகிறேன் என்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஓட்டையும் இல்லாமல் எழுத வேண்டும் என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

விசாரணை நாளன்று மாவட்ட அலுவலகத்துக்குப் போக, ஆரணி பேருந்து நிலையத்தில் மூவரும் ஒரே பேருந்தில் ஏறினோம், வேறு பேருந்து அந்த நேரத்துக்கு இல்லை. அவர்கள் இருவரும் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார்கள். நான் பின்னால். ஊர் வயல்கள் முடியும் வரை அக்கா இரண்டு முறை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அந்த அம்மா உங்கள் உறவா என்று என்னிடம் கேட்டார். வழக்கு என்றேன். சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

விசாரணை அறையில் அதிகாரி நேராக என்னைக் கேட்டார். இப்போதும் புகாரை வலியுறுத்துகிறீர்களா? என் பதிலுக்காக மருத்துவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலியுறுத்துகிறேன் என்றேன். சம்பவத்தை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன், ஏனென்றால் அது நடந்தது. மருத்துவர் விளக்கம் கொடுத்தார். நூலை அறுத்துக் கொடுக்கும் வேலை உட்பட உதவியாளருக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்றார். எழுத்தர் எழுதினார். உதவியாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டால் கோப்பு சீக்கிரம் முடியும் என்று அதிகாரி மென்மையாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா இருப்பார் என்றார் மருத்துவர். அன்று அவர் நிமிர்ந்து பேசியது அது ஒன்றுதான். எச்சரிக்கையும் பயிற்சிச் சான்றும் மறு ஆய்வும் போதும் என்று முடிவானது. மறு ஆய்வு வந்தது, குறை ஒன்றும் இல்லை என்று போனது. மருத்துவமனை ஒரு நாளும் மூடப்படவில்லை.

தற்காலிக அடைப்புக்கு ஆயுள் குறைவு. பல் மறுபடி விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது. வேலூருக்குப் போய் வேறு மருத்துவரைப் பார்க்கலாமே என்றாள் மனைவி. பாதி செய்த வேரை இன்னொருவர் தொடமாட்டார் என்றேன். அது முழு உண்மை அல்ல. நான் போகாவிட்டால், புகார் கொடுத்தவனே அங்கே போவதில்லை என்று ஊர் பேசும். போனால், அந்த நாற்காலி.

படியேறினேன். உள்ளே யாரும் குரல் கொடுக்கவில்லை. மருத்துவர் உட்காருங்கள் சார் என்றார். நாற்காலி சாய்ந்தது, தலை தாழ்ந்தது, ஊசி, கொக்கி, ரப்பர் திரை. பேச்சு மறுபடி நின்றது. மருத்துவர் நூல் கேட்டார்.

அக்கா என் கண்ணுக்கு நேரே குனிந்தார். முகக்கவசம் மூக்கு வரை ஏறியிருந்தது. ஒரு கையில் நூல், இன்னொரு கையில் உறையிலிருந்து அப்போதுதான் பிரித்த சின்னக் கத்தரி. அவசரம் காட்டாமல், நான் பார்க்கிறேனா என்று உறுதி செய்துகொண்டு, என் காதருகே கொண்டுவந்து ஒரே வெட்டு.

"பாத்துகினீங்களா சார்? கத்தரில வெட்டினேன். பேனா வேணுமா?"

மருத்துவரின் தோள் லேசாகக் குலுங்கியது. என் தாடையின் மேலிருந்த கையும் கூடவே குலுங்கியது. நான் வாயைத் திறந்தபடியே கிடந்தேன்.